இரும்புக் கணக்கு

வாளையாற்றில் ஏறினால்
கஞ்சிக்கோட்டில் பஸ் கொஞ்ச நேரம் நிற்கும்.
கம்பி மில்லின் புகைக்குக் கீழே எங்கேயோ
அப்பா பழைய இரும்பை எடைபோட்டுக்கொண்டிருப்பார்.
நான் கையாட்டுவதில்லை.
எந்த பஸ் என்று அவருக்குத் தெரியாது.

பாலக்காட்டுக்குப் போகிறேன்.
இருபத்தொரு நாளைக்கு ஒருமுறை
முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் ரத்தம்
குளிர்ப்பெட்டியை விட்டு வந்து
நாலு மணி நேரம் என் கையில் இறங்கும்.
முடிந்ததும் பசிக்கும். மாடிப்படி ஏற முடியும்.
பதினெட்டாம் நாள்
உதடு வெளுத்து, காதுக்குள் மறுபடி இரைச்சல்.

அம்மாவுக்கு அப்பா தாய்மாமன் மகன்.
ஆளுக்கொரு பழுது, வெளியே தெரியாமல்.
ஒன்று மட்டும் இருந்தால் ஒன்றும் செய்யாதாம்.
பத்திரம் எழுதாமல் வந்த சொத்து;
எனக்கு இரண்டு பங்கும் சேர்ந்து விழுந்தது,
தங்கை சௌபர்ணிகாவுக்கு ஒன்று.

ஒவ்வொரு ரத்தப் பையிலும்
இருநூறு மில்லிகிராம் இரும்பு.
உடம்புக்குள் வர அதற்கு வழி தெரியும்,
போக வழியில்லை.
இரும்பு மிஞ்சினால் ஈரல் ஒரு ஹார்மோனை அனுப்பி
குடலின் கேட்டைச் சாத்தச் சொல்லுமாம்.
என் எலும்பு மஜ்ஜை பசியில் போடும் கூச்சலில்
காவல்காரன் கேட்டைத் திறந்துவிட்டுப் படுத்துவிட்டான்.
டாக்டர் சொல்லச் சொல்ல
எங்கள் ஊர் செக்போஸ்ட்தான் கண்ணில் நின்றது.
இடமில்லாத லாரிகள்
கள்ளுக்கடை முன்னால், பள்ளிக்கூடச் சுவர் ஓரம்,
யார் வீட்டு வாசலிலோ.
ஈரலில். இதயத்தில்.
மூளைக்கு அடியில் பட்டாணி அளவு ஒரு சுரப்பியில்.

அந்தப் பட்டாணிதான்
சூலகத்துக்குக் கடுதாசி போட வேண்டும்.
போடவில்லை.

சௌபர்ணிகா பன்னிரண்டில் உட்கார்ந்தாள்.
கிணத்துக்கடவு மாமா டெம்போ பிடித்து
ஒன்பது தட்டு சீர் கொண்டுவந்தார்.
பதினாறு வயதில் நான்
பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போனேன்.
பெரியவளுக்கு எப்போ என்று ஒரு குரல்.
ரசத்தில் உப்பு பார்க்கணும் என்று
அம்மா உள்ளே போனாள்,
மோர் ஊற்றும்வரை வரவில்லை.

கோயமுத்தூர் ஹார்மோன் டாக்டர்
மாத்திரை எழுதினார், முதலில் கால், பிறகு அரை.
"கடுதாசி வரலேன்னா என்னம்மா,
சேதியை நாமே கையில குடுத்திடலாம்."
ஒன்றரை வருஷம் கழித்துச் சேதி சேர்ந்தது.
வயிற்றில் பம்பு ஊசி ஓடிக்கொண்டிருந்த ஒரு ராத்திரி.

மாத்திரையில் வந்ததுக்குச் சீர் உண்டா,
மாமாவுக்குச் சொல்வதா வேண்டாமா என்று
அம்மா விடியும்வரை சுவரோடு பேசினாள்.
அப்பா ஒன்றும் சொல்லவில்லை.
அடுத்த நாள் ஷிப்ட் முடிந்து வரும்போது
ஒரு சீப்பு செவ்வாழையும் ரெண்டு முழம் மல்லிகையும்
ஃபிரிட்ஜ் மேலே வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.
காகிதத்தில் அவருடைய துருக்கறை விரல்கள்.

பம்பு போட்ட மறுநாள் மூத்திரம்
செங்கல் கரைத்த மாதிரி இருக்கும்.
வெளியே போகிற இரும்பு அது.
நாலாயிரமாக இருந்த கணக்கு
ரெண்டாயிரத்து முந்நூறுக்கு வந்த அன்று
லிஸம்மா சிஸ்டர் "கொள்ளாம் மோளே" என்று தட்டிக்கொடுத்தார்.
அப்பாவிடம் சொன்னேன்.
"எங்க மில்லுல போட்டிருந்தா காசாவது வந்திருக்கும்" என்றார்.
வெகு நாளைக்குப் பிறகு ரெண்டு பேரும் சிரித்தோம்.

இந்தத் தையில் மாமா
தன் மகன் கதிரவனுக்கு
சௌபர்ணிகாவைக் கேட்டு வந்தார்.
எல்லோரும் இருக்கிற சபையில்
நான் ஒரே ஒரு தட்டு கேட்டேன்.
அதில் பழம் வேண்டாம், பட்டு வேண்டாம்,
அவனுடைய ரத்தப் பரிசோதனைத் தாள்.

மாமா எழுந்து செருப்பு தேடினார்.
சௌபர்ணிகா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

பங்குனி பிறந்துவிட்டது.
நாளைக்கு எனக்கு இருபத்தொன்றாம் நாள்.