வெளி யூனிட்

ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில்
குதிகால் பட்டை மட்டும் பதினோரு வருஷம் தைத்தேன்.
ஆர்டர் நின்ற வெள்ளிக்கிழமை
ஷூவுக்கு நாக்கு தைக்கிற அமுலுவும்
என்னோடுதான் கேட்டுக்கு வெளியே வந்தாள்.
அன்றைக்கு மட்டும் அவளுக்குப் பேச்சு வரவில்லை.

கொசப்பேட்டையில் மருந்துக்கடை மாடி.
ஏசி மெக்கானிக் பயிற்சி, எழுபத்தைந்து நாள்.
வந்த நாளுக்கு இருநூற்றைம்பது, பேங்க் கணக்கில்.
வராத நாளுக்கு ஒன்றுமில்லை.
சின்னவனுக்குக் காய்ச்சல் வந்தபோது
தெர்மாமீட்டரை அப்படித்தான் படித்தேன்:
நூறு என்றால் வகுப்பு,
நூற்றிரண்டு என்றால் இருநூற்றைம்பது ரூபாய்.

அறையில் ஆறு ஏசி.
ஆறும் வயிறு திறந்து கிடந்தன.
அக்கினி நட்சத்திரம், முப்பது பேர், இரண்டு ஃபேன்.
தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை,
ராஜா இல்லாத கோட்டை என்று
எங்கள் ஊருக்கு ஒரு பழைய கணக்கு உண்டே,
அதில் அமுலு கரும்பலகையில் ஒன்று கூட்டினாள்:
காத்து வராத ஏசி.
கிருபா சார் அதை அழிக்கவில்லை.

அவருக்கு இருபத்தாறு வயது இருக்கும்.
எங்களை மேடம் என்றார்.
முதல்நாள் தில்ஷாத் திரும்பிப் பார்த்தாள்,
பின்னால் யார் நிற்கிறார்கள் என்று.

"குளிர்னு ஒண்ணு தனியா கிடையாது மேடம்.
இங்க இருக்கிற சூட்டை எடுத்து
வேற இடத்துல போடறோம். அவ்ளோதான் ஏசி."

நோட்டில் எழுதிக்கொண்டேன்.
எழுதாவிட்டாலும் மறந்திருக்காது.
பணம் வரும்வரை நான் செய்ததும் அதுதான்.
வாடகையின் சூட்டை எடுத்துக் குழுக்கடனில் போட்டேன்,
குழுக்கடன் சூட்டை மளிகைக்கடையில் போட்டேன்,
மளிகைக்கடைக்காரர் அதை
நாலு பேர் நிற்கும்போது என் முகத்தில் போட்டார்.

நாற்பத்தோராம் நாள் மெசேஜ் வந்தது.
ஏழாயிரத்து இருநூற்றைம்பது.
ஏடிஎம் அறைக்குள் நிஜமாகவே குளிர்ந்தது.
மேலே பார்த்தேன்.
ஒன்றரை டன். ஃபில்டர் கழுவி ஒரு வருஷம் இருக்கும்.
வாடகை கொடுத்தேன். கடையில் பாதி அடைத்தேன்.
அரைக்கிலோ கறி வாங்கினேன்.
இப்போ எதுக்குக் கறி என்று யாரும் கேட்கவில்லை,
நான்தான் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தேன்.

எழுபத்தாறாம் நாள் சான்றிதழ்.
அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில்
தெருப் பெயர் இருந்தது.
வேலை ஒரகடத்தில், ஹாஸ்டலோடு.
சின்னவனுக்கு ஹாஸ்டலில் இடமில்லை.
போனவர்கள் ஒன்பது பேர்.
வாசலில் கட்டிய பேனரில்
வேலை பெற்றோர் முப்பது.
எண்ணிப் பார்த்தேன், அதில் நானும் இருக்கிறேன்.

அமுலுவின் கம்மல் அடகுக்குப் போனது,
கேஜ் செட்டும் ஒரு பழைய பம்ப்பும் வந்தன.
சத்துவாச்சாரியிலிருந்து முதல் போன்.
கதவு திறந்தவர்
எங்களைத் தாண்டிப் படிக்கட்டைப் பார்த்தார்.
"மெக்கானிக் எப்போ வருவாரு?"
"வந்தாச்சு சார்" என்றாள் அமுலு,
செருப்பைக் கழற்றிக்கொண்டே.

போர்டில் ஒரு பல்லி, கருகி ஒட்டியிருந்தது.
சுரண்டி, துடைத்து, உருகின ஒயரை மாற்றி
ஸ்விட்சைப் போட்டதும்
வெளி யூனிட் ஒருமுறை இருமிவிட்டுச் சுற்றியது.
எழுநூறு ரூபாய்.
வாங்க அமுலு முன்னறைக்குப் போனாள்.
நான் மாடிப்படி ஏறி
அது சரியாக ஊதுகிறதா என்று கையை வைத்துப் பார்த்தேன்.
நன்றாக ஊதியது.

ஊதிய இடத்தில்
மூன்றடி தள்ளி ஒரு ஷீட் போட்ட வீடு.
ஒரு பொண்ணு கைக்குழந்தையோடு வெளியே வந்தாள்.
கம்பெனிப் பனியன் போட்டிருந்தாள், எங்கள் கம்பெனி அல்ல.
"அக்கா, அத்த கொஞ்சம் அந்தாண்ட திருப்ப முடியாதா?
ரெண்டு மாசமா ஓடாம இருந்துச்சி,
புள்ள நல்லா தூங்கிச்சு."

நான்கு போல்ட்.
பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனர்.
செம்புக்குழாய் கால்வட்டம் வளையும்,
உடையாமல் வளைக்கத் தெரியும்.
அந்தாண்ட, வீட்டுக்காரரின் கார், துணிக்கொடி, ரோஜாத் தொட்டி.

கீழே அமுலு நோட்டை எண்ணுகிற சத்தம்கூடக் கேட்கிறது.
முதல் போல்ட்டில் ஸ்பேனர்
சரியாகத்தான் உட்கார்ந்திருக்கிறது.