தாமதத்துக்கு ஒரு விளக்கம்

தேகு நகரத்துப் பல் மருத்துவர்
மா சொக்-ஜூ அவர்களுக்கு,
யேச்சோனிலிருந்து வில் செய்யும் பியோ கில்-சோப்.

மூன்றாம் முறையும் கேட்டுவிட்டீர்கள்,
வில் எங்கே என்று.

முதலில் சரக்கைச் சொல்கிறேன்.
கொம்பு உள்ளூரில் கிடையாது.
எருமைக்கொம்பு கப்பலேறி வருகிறது.
இரண்டும் ஒரே கருப்பாய் அமைந்தால்
அன்றைக்கு எனக்கு நல்ல நாள்.
நடுவில் மூங்கில், நுனிகளுக்கு முசுக்கட்டை,
கைப்பிடிக்கு ஓக்.
நார் மாட்டின் முதுகிலிருந்து.
கசாப்புக்கடை ஓ பங்-சூன் எனக்கென்று எடுத்துவைப்பாள்.
காயவைத்து, மரச்சுத்தியால் அடித்து,
சீப்பால் வாரி வாரி
தலைமுடியாகும்வரை விடமாட்டேன்.
பசை, கடல்மீனின் காற்றுப்பையைக் காய்ச்சியது.
மிதக்கவைத்த பைதான்
ஒட்டவும் வைக்கிறது.

ஒன்று கவனித்திருக்கிறீர்களா?
நார் ஒட்டிய பக்கம் வில்லுக்கு முதுகு,
கொம்பு ஒட்டிய பக்கம் வயிறு.
எய்யும்போது வயிறு நம்மைப் பார்க்கும்,
முதுகு பகைவனைப் பார்க்கும்.
களத்தில் முதுகு காட்டியும்
மானம் போகாத ஒரே பிறவி அதுதான்.
இழுக்க இழுக்க முதுகு நீளும், வயிறு நெரியும்.
மூங்கில் ஒன்றும் செய்வதில்லை.
நடுவில் இருக்கும்.

குளிர்காலத்தில் மட்டும்தான் இந்த வேலை.
நார் மூன்று படுகை.
ஒன்று காயாமல் அடுத்ததைத் தொடக்கூடாது.

ஜனவரி பதினான்கு, ராத்திரி. இரண்டாம் படுகை.
பசையில் ஊறிய நார்க்கற்றை
இரண்டு கையிலும் தொங்குகிறது.
கைபேசி அடித்தது.
முழங்கையால் அழுத்தினேன்.

“யோங்-நியோ இருக்கிறாளா?”
தவறான எண், என்றேன்.
“பரவாயில்லை, அவளிடம் சொல்லுங்கள்.
பாய்லர் சரியாகிவிட்டது.”
ஐயா, இங்கே அப்படி யாரும் இல்லை.
“தரை சூடாக இருக்கிறது.
வெறுங்காலோடு நடக்கலாம் என்று சொல்லுங்கள்.”

குடித்திருந்தார்.
வைத்திருக்கலாம். இன்னொரு முறை முழங்கையை அழுத்தினால் போதும்.
சொல்கிறேன், என்றேன் நான்.
அதற்குப் பிறகு, எந்த அறை முதலில் சூடாகும்,
எந்த மூலை கடைசிவரை சூடாகாது,
அந்த மூலையில் அவள் அரிசி மூட்டை வைத்திருந்தாள்,
எல்லாம் சொன்னார்.
கால் மணி நேரம் இருக்கும்.
கையிலிருந்த பசைக்கு
ஆடை கட்டிவிட்டது.

மறுபடி நனைத்து ஒட்டினேன்.
கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

காய்ந்த வில் நாணில்லாமல்
நுனியும் நுனியும் முட்டச் சுருண்டு கிடக்கும்,
நீங்கள் இழுக்கப்போகும் திசைக்கு நேர் எதிராக.
மார்ச் கடைசியில் கரி அடுப்பில் வாட்டி,
முழங்கால் கொடுத்துத் திருப்பி, நாண் ஏற்றினேன்.
நின்றது.
மறுநாள் மறுபடி.
மேல் கையில், காய்ந்த நெத்திலியை ஒடித்தது போல
ஒரு சத்தம். அவ்வளவுதான்.

கத்தியால் பிளந்து பார்த்தேன்.
முதல் படுகைக்கும் இரண்டாவதுக்கும் நடுவே
பட்டாணி அளவு காற்று.
எந்த ராத்திரி என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.
இவ்வளவு சின்ன இடத்தில்
ஒரு வீட்டின் தரை முழுக்க.

அந்த எண்ணைத் தேடி அழைத்தேன்.
திட்டத்தான் அழைத்தேன், பொய் சொல்வானேன்.
ஒரு பெண் எடுத்தாள்.
பின்னால் குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.
நீங்கள் யோங்-நியோவா என்று கேட்கவில்லை.
தவறான எண், மன்னியுங்கள், என்று வைத்துவிட்டேன்.

கொம்பு பிழைத்துக்கொண்டது.
வெந்நீரில் ஊறவைத்துப் பிரித்து எடுத்துவிட்டேன்,
சுரண்டிக் காயவைத்திருக்கிறேன்.
நவம்பரில் மறுபடி ஆரம்பிக்கலாம்.
குளிர்காலம் முழுக்கக் கைபேசியை அணைத்துவை என்கிறாள் என் மனைவி.
நியாயமான பேச்சு. பார்ப்போம்.

முன்பணம் திருப்பி வேண்டுமென்றால் எழுதுங்கள்.
வேண்டாமென்றால்
நாற்பத்தைந்து ராத்தல் இழுப்பு கேட்டிருந்தீர்கள்,
நாற்பது போதும் என்பது என் எண்ணம்.
பகல் முழுக்கப் பல் பிடுங்குகிற தோள்.