கழித்தல் குறி

டேட்டா முடிந்த இருபதாம் திகதி
தர்மிளாவுக்கும் எனக்கும் பேச்சும் முடிந்தது.
"எல்லாம் உன்ர கொரியன் நாடகத்தால" என்றேன்.
"நீ சோத்தையும் எண்ணித்தான் போடுவாய்" என்றாள்.

ஹம்டன் லேன், மூன்றாம் மாடி.
இரண்டு அறை, ஒரு குசினி,
கடற்காற்றில் துருவேறிய ஃப்றிஜ்,
அதன் தலையில் கரப்பான் மீசையோடு றூட்டர்.
அடுத்த நாளே பால்மா இரண்டு பேணியானது.
காஸ் காசைக் காந்தத்தின் கீழ் வைத்துவிட்டுப் போனாள்,
சில்லறை உட்பட.

எனக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது.
நள்ளிரவு தாண்டி, இரவுக் கணக்கு டேட்டாவில்,
வைஃபையைக் கண்காணிக்கும் மென்பொருள் ஒன்றை இறக்கினேன்.
வினாடிக்கு ஒரு புள்ளி.
புள்ளிகளைக் கோத்தபடி நகரும் பச்சைக் கோடு.
எண்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் கழித்தல் குறி:
மைனஸ் நாற்பத்தெட்டு என்றால் செழிப்பு,
மைனஸ் எண்பது என்றால் பட்டினி.
எங்கள் வாடகைக் கொப்பியைப் பார்த்துத்தான்
யாரோ இந்த அளவுகோலைச் செய்திருக்க வேண்டும்.

அயல் வீடுகளும் பட்டியலில் வந்து நின்றன.
'அலோஷியஸ் ஃபமிலி', 'தொடாதே',
சிங்களத்தில் யாரோ வீட்டுப் பூனையின் பெயர்,
தூரத்தில், வந்து வந்து மறையும்
காலி வீதிப் புடவைக்கடை ஒன்று.
ஆறு வருடமாகப் படியில் கண்டும்
பெயர் தெரியாதவர்கள்
என் திரையில் ஒருவர்மேல் ஒருவர் படுத்திருந்தார்கள்.

முதல் இரவு:
கீழ்மாடியில் கொத்து ரொட்டி சூடாக்கினால்
கோடு நடுங்குகிறது, தொண்ணூறு வினாடி.
இரண்டாம் இரவு:
மருதானைக்குப் போகும் கடைசி ரயில்
யன்னலை உலுக்குகிறது, மேசையை உலுக்குகிறது,
கோட்டுக்கு அது பொருட்டே இல்லை.
மூன்றாம் இரவுதான் அந்தப் பள்ளம்.

இரண்டு மணி பத்து.
நாற்பத்தெட்டு ஐம்பத்தைந்துக்கு இறங்கி
ஏழு நிமிடம் அங்கேயே கிடந்து
பிறகு ஏறியது.
மறுநாளும். அதற்கு மறுநாளும்.

பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.
ஆனால் நாடகம் பார்த்தால் வேகம்தான் குறையுமாம்,
சிக்னல் குறையாதாம்.
விடியும்வரை வாசித்தேன்.
சிக்னலைக் குடிப்பது தண்ணீர்.
உடம்பு என்பது
நடக்கத் தெரிந்த உப்புத் தண்ணீர்.

அப்படியென்றால்
ஃப்றிஜ்ஜுக்கும் என் சுவருக்கும் நடுவில்
தினமும் ஏழு நிமிடம்
ஒருத்தி நிற்கிறாள்.

காதைச் சுவரில் வைத்தேன்.
கேத்தல் முனகி அடங்கியது.
விளக்குப் போடவில்லை அவள்.
கதிரை இழுபடவில்லை.
நின்றபடியே தேத்தண்ணி.
ஏன் நித்திரை வரவில்லை என்று
கோட்டில் எழுதியிருக்கவில்லை.
எனக்கு ஏன் வரவில்லை என்றும்தான்.

பிறகு நான் வேவு பார்க்கவில்லை,
அல்லது வேறு எதையோ பார்த்தேன்.
இரண்டு மணி ஒன்பதுக்கு வேலையை நிறுத்துவேன்.
பள்ளம் விழும்.
ஓ, வந்துவிட்டாள்.
ஒரு நாள் இரண்டு பதினெட்டுவரை விழவில்லை;
செருப்பைத் தேடிக் காலால் தடவினேன்.

பதினோராம் இரவு பள்ளம் ஏறவில்லை.
ஏழு நிமிடம் போயிற்று, பன்னிரண்டும் போயிற்று.
ஐம்பத்தைந்து அறுபத்தொன்றாய் ஆழமாகியது.
தண்ணீர் நகர்ந்து
என் கதவடிக்கு வந்திருந்தது.

மூச்சை அடக்கினேன்,
மூச்சும் கோட்டில் பதியும் என்பதுபோல.

"உனக்கும் ஸ்லோவா?"
கதவின் அந்தப் பக்கம்.

வேகத்தில் ஒரு குறையும் இல்லை.
சாட்சி மேசையில் பச்சையாய் விழித்துக்கொண்டிருந்தது.
"ஓம்," என்றேன், "சரியான ஸ்லோ."
"றூட்டரை ஒருக்கா ஓஃப் பண்ணிப் போடட்டா?"
"போடன்."

கோடு அறுந்தது.
இணைப்பு இல்லை, தேடுகிறேன் என்றது மென்பொருள்.
தேடட்டும் என்று மடிகணினியை மூடிவிட்டுக்
குசினிக்குப் போனேன்.

எனக்கு ஊற்றியதில் சீனி இல்லை.
மறந்தாளா என்று
நான் கேட்கவில்லை.