ரொட்டர்டாமுக்கு இருநூறு தரம்

வெரேனாவின் சமையலறை மேசை சிறியது.
ரைன் நதியை அதில் விரிக்க
ஜாம் போத்தலையும் உப்புக் குடுவையையும்
சன்னல் விளிம்புக்கு மாற்றினோம்.
அப்படியும் ஒல்லாந்து தொங்கியது.
மடியில் ஏந்திக்கொண்டேன்.

பாசல் தொடங்கி ரொட்டர்டாம் வரை
தொளாயிரம் கிலோமீட்டர், பதினொரு நாள்.
ஒரு கிலோமீட்டருக்கு ஒரு பிராங் தருவதாய்
இதுவரை கையெழுத்திட்டவர் முப்பத்தேழு பேர்,
என் பல் வைத்தியரும் அடக்கம்.
மன்னாரில் ஒரு பட்டறை,
செயற்கைக் கால் ஒன்றுக்கு எண்ணூறு முடிகிறதென்று
எழுதியிருந்தது.
பகீரதன் பெருக்கினான், வகுத்தான்:
"நாப்பத்தொரு காலும் ஒரு முழங்காலும்."
யாரும் சிரிக்கவில்லை.
பிறகு எல்லோரும் சிரித்தோம்.

பகீரதன் எட்டாம் நம்பர் டிராம் ஓட்டுகிறான்.
நாளுக்கு ஏழு தரம் ஜெர்மனிக்குள் போய்
தேநீர் ஆறுமுன் திரும்புகிறவன்.
புராணத்துப் பகீரதன் முன்னால் போக
நதி பின்னால் வந்ததாம்.
இவனோ நதி இறங்கும் பள்ளத்தில்
பெடலைத் தொடாமலே கடல் சேரலாம் என்று
மனதார நம்புகிறான்.

வழியை அறிந்தவன் றெமீஜியஸ்தான்.
உணவகத்தில் கடைசிச் சட்டி கழுவி முடிந்ததும்
கைபேசியில் ஆற்றோரமாய் நடப்பானாம்,
விடியும்வரை, இரண்டு விரலால்.
எந்தப் படகுத்துறையில் சைக்கிளுக்குக் கட்டணமில்லை,
எந்த ஊர் வெதுப்பகம் ஞாயிறும் திறக்கும்,
ஸ்பையருக்குப் பிறகு எங்கே தார் முடிந்து
சரளைக்கல் தொடங்கும்,
எங்கே நாய்.

திரும்பி வரும் ரயிலுக்கு
வெரேனா பெயர்களைப் பதியத் தொடங்கினாள்.
"எனக்கு வேண்டாம்" என்றான்.
விமானமா என்று கேட்டாள் அவள், பாவம்.
பகீரதன் உப்புக் குடுவையைப் பார்த்தான்.
எங்களுக்குத் தெரியும், மறந்திருந்தோம்.
பன்னிரண்டு வருடமாய், வருடத்துக்கு வருடம்
புதுப்பித்துக் கொடுக்கிற அட்டை.
அதில் எஃப் என்றொரு எழுத்து.

"கேட்டு எழுதினனான்.
மறுமொழியும் வந்திட்டுது.
வெளியிலை போக விடுற காரணங்களிலை
சாவு இருக்கு, கடும் வருத்தம் இருக்கு,
சைக்கிள் இல்லை."

பிறகு ஒரு கொப்பியை எடுத்தான்,
கோழிக்கறிக் கறை படிந்தது.
கிளைபெக் தெருவில் அவன் வாசலிலிருந்து
சுங்கச்சாவடிக் கம்பம் வரை
இரண்டேகால் கிலோமீட்டர்.
போக வர நாலரை.
இருநூறு தரம் போனால் ரொட்டர்டாம்.
மாசியிலேயே தொடங்கிவிட்டானாம்.

"அறுவத்தொண்டு முடிஞ்சுது.
ஸ்ட்ராஸ்பூர்க் தாண்டியிட்டன்.
நான் அங்கை நிண்ட அண்டைக்கு
அங்கை மழையாம், இங்கை நல்ல வெயில்.
மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டுதான் ஓடினனான்."

காவலாளி முதல் வாரம் முறைத்தானாம்.
இப்போது மணி அடித்தால்
கையிலிருக்கும் ரொட்டியை உயர்த்துகிறானாம்.

நான்கு நாடு என்றல்லவா படிவத்தில் போட்டோம்,
என்றாள் வெரேனா.
ஒவ்வொரு தரமும் மீட்டரைப் படமெடுத்தால்
காசு தருபவர்களுக்குக் காட்டலாம் என்றாள்.
"படமோ?" பகீரதன் கதிரையைத் தள்ளி எழுந்தான்.
"அவள் கேக்கிறது சரி, இரடா" என்றான் றெமீஜியஸ்.
"கால் வாங்கிற காசு."

கொஞ்ச நேரம் கெட்டில் மட்டும் பேசியது.
வரைபடத்தில் அவன் வீட்டைத் தேடினேன்.
வீடும் கம்பமும் இடையிலுள்ள தெருவும்
என் சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கின.

அவன் வாங்கியிருந்த நாலு ட்யூபில்
எங்களுக்கு ஒன்று போதுமாம்.
ஆற்றங்கரை மண் மெதுவானது,
அவன் தெருவில்தான் சனிக்கிழமைகளில்
போத்தல் உடையும்.

"கடைசி நாள்
கடல் தெரியிற நேரம் அடியுங்கோ.
கடைசிச் சுற்றை விட்டு வைக்கிறன்.
ஆனால் அஞ்சு மணிக்கு முந்திப் போய்ச் சேருங்கோ,
அஞ்சுக்குப் பிறகு எனக்கு வேலை."

வெரேனா பட்டியலில்
பம்ப், பிளாஸ்டர், சங்கிலி எண்ணெய்க்குக் கீழே
எழுதிக்கொண்டாள்:
கடல், ஐந்துக்கு முன்.