இருபத்தெட்டு நிமிடம்

கோலா கெட்டில் பெரிய சாலையில்
நாலு நம்பர் கடைக்கும் மோட்டார் பட்டறைக்கும் நடுவே
இரவெல்லாம் விளக்கெரியும் டோபிக் கடை.
ஆறு வெள்ளிக்கான டோக்கன்களை விழுங்கி
லங்காவி மணலோடு எங்கள் துணியை
உள்ளே இழுத்துக்கொண்டது இயந்திரம்.
இருபத்தெட்டு என்றது சிவப்பு எண்.

இவர் லோரிக்காரர்.
செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு
தோட்டத்திலிருந்து ஆலைக்கு,
ஆலையிலிருந்து தோட்டத்துக்கு.
பதினோரு வருடமாய் ஒரே சாலை, ஒரே பள்ளம்,
ஒரே இடத்தில் குரைக்கும் ஒரே நாய்.
நாளெல்லாம் உட்கார்ந்தே இருப்பவர்.

நான் கூலிம் கையுறை ஆலையில்
பன்னிரண்டு மணி நேரம் நிற்பவள்.
கைகள் வந்துகொண்டே இருக்கும்,
உடம்பில்லாத கைகள்,
வெதுவெதுப்பாய், விரல் தொங்க.
ஒன்றுகூட என்னை
உட்காரச் சொன்னதில்லை.

அதனால்தான்
நாலு நாள் விடுமுறை கிடைத்ததும்
அவருக்குக் காலில் சக்கரம் முளைத்தது
எனக்கு முதுகில் வேர்.

சம்பளச் சீட்டின் பின்புறம் எழுதினார்:
கேபிள் கார், தொங்கு பாலம், கழுகுச் சிலை,
அலையாத்திக் காட்டில் படகு,
ஏழு கிணறு அருவி, இரவுச் சந்தை.
ஒவ்வொன்றுக்கும் எதிரே நேரம்,
எடைச்சீட்டு போடுகிற மாதிரி.
அடியில் நான் எழுதியது ஒரே சொல்:
பாய்.

முதல் நாள் அவருடையது.
அருவிப் படிக்கட்டில் பாதியில் உட்கார்ந்து
'நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்க,
எனக்கும் சேர்த்து' என்றேன்.
மேலேயிருந்து போட்டோ வந்தது.
கொஞ்சம் வானம்,
மீதியெல்லாம் அவர் கட்டைவிரல்.

மறுநாள் என்னுடையது.
செனாங் மணலில் பாய் விரித்தேன்.
பன்னிரண்டு நிமிடம் கிடந்தார் மனிதர்.
பிறகு கப்பல் எண்ணினார்.
அந்தப் பக்கம் தெரிவது தாய்லாந்தா என்றார்.
என் பாதத்தருகே ஒரு குழி தோண்டினார்
பிறகு அதை மூடினார்.
லோரியை நிறுத்தினாலும்
எஞ்சினை அணைக்கத் தெரியாதவர்.

மூன்றாம் நாள் மழை.
படகு இல்லை, பாயும் இல்லை.
சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்,
ஊர் சுற்ற வந்தவர்
போர்வையை இழுத்து மூடி உறங்கிப்போனார்.
எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.
விடுதிக்காரியின் மஞ்சள் குடையை எடுத்துக்கொண்டு
கரையோரமாய் நடந்தேன்.
எத்தனை ஜோடி என்று எண்ணிக்கை கேட்க ஆளில்லாததால்
கால்கள் வலிக்க மறந்திருந்தன.
பாறைமுனை வரை போனேன்.
நண்டுகள் வளையை அடைத்து
வீட்டுக்குள் இருந்தன.
இவரிடம் சொல்லவில்லை.
சொன்னால் அடுத்த வருடம்
பட்டியல் இரண்டு பக்கம் ஆகும்.

கண்ணாடிக்குப் பின்னால்
அவர் சட்டையும் என் கைலியும்
கட்டிப் புரண்டு வருகின்றன.
டக் டக்கென்று எதுவோ மோதுகிறது.
'என்ன சத்தம்?'
'பட்டனா இருக்கும்.'
பாறைமுனைக் கிளிஞ்சல் அது,
பையிலிருந்து எடுக்க மறந்துவிட்டேன்.

இயந்திரத்தில் சாய்ந்து நிற்கிறார்.
பிளாஸ்டிக் நாற்காலியில் நான்,
எதிர் நாற்காலியில் என் கால்கள்.
'அன்னைக்கு மழையில
அவ்வளவு தூரம் போனியே,
அங்க என்னதான் இருந்துச்சு?'

'தூங்கினீங்களே?'

'படுத்துத்தான் இருந்தேன்.
ஜன்னல் வழியா மஞ்சளா ஒரு புள்ளி
போய்க்கிட்டே இருந்துச்சு.
திரும்பி வர்ற வரைக்கும் பார்த்துக்கிட்டே கிடந்தேன்.
நாலு நாளில
நான் உருப்படியாப் பார்த்தது அதான், பவளம்.'

சிவப்பு எண்ணில் இன்னும் ஒன்பது.
காலையில் ஆறு மணிக்கு எனக்கு வேன்,
ஐந்தரைக்கு அவருக்கு முதல் லோடு.
வெளியே தூறல் பிடித்துக்கொண்டது.
குடையில்லை.
நடக்கலாமா, இருக்கலாமா என்று
இரண்டு பேருமே கேட்கவில்லை.