முந்நூற்று அறுபத்தைந்து

ஏப்ரல் பிறந்தால் சட்டனூகாவில்
ஓக் மரங்கள் மஞ்சளைக் கொட்டும்.
என் பதினேழாம் எண் பள்ளி பஸ்
ஏற்கெனவே மஞ்சள்தான்,
அதன்மேல் இன்னொரு மஞ்சள்.
வைப்பரைப் போட்டால்
கண்ணாடியில் இரண்டு விசிறிகள்.

நேற்று ப்ரெய்னர்ட் சாலை இறக்கத்தில்
ஏழு தும்மல். எண்ணினேன்.
ஒவ்வொன்றுக்கும் கண் மூடிக்கொள்கிறது,
நம்மைக் கேட்டா மூடுகிறது?
அந்த இமைப்பொழுதில் பஸ் எத்தனை அடி ஓடும் என்று
எந்தக் கணக்கு வாத்தியாரும் கேட்க வேண்டாம்.
பின்னால் நாற்பத்தொரு பிள்ளைகள்
தும்மலுக்குத் தும்மல் ஒரே குரலில்:
"ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும், மிஸ் லோர்னா!"
ஏழாவதற்கு எவனோ ஆமென் போட்டான்.

வீட்டில் கிடக்கும் இளஞ்சிவப்பு மாத்திரை ஆகாது.
அது தும்மலை நிறுத்தும்,
ஓட்டுகிறவளையும் நிறுத்தும்.

மருந்துக் கடையில்
கண் மட்டத்தில் ஆனை விலை,
இடுப்பு மட்டத்தில் குதிரை விலை.
முப்பது மாத்திரை இருபத்து நாலு டாலர்,
ஒன்றுக்கு எண்பது சென்ட்.
பெட்டியின் மேல் ஒரு பெண்
புல்வெளியில் கைவிரித்து ஓடுகிறாள்,
மூக்கே இல்லாதவளைப் போல.

மலிவானது தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது,
முழங்கால் போடத் தெரிந்தவர்களுக்கு.
போட்டேன். இடது முட்டி சத்தம் போட்டது.
வீங்கிய கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு
இரண்டு பெட்டிகளின் பொடியெழுத்தையும் படித்தேன்.
இதிலும் லோரடடின், பத்து மில்லிகிராம்.
அதிலும் லோரடடின், பத்து மில்லிகிராம்.
"இரண்டும் ஒன்றுதானா?"
மருந்தாளர் டெவ்லின் கழுத்துப்பட்டையைத் தளர்த்தினான்.
"ஒன்றுதான் மேடம்.
ஓடுகிற அந்தப் பெண்ணுக்கு
நீங்கள் சம்பளம் கொடுக்க வேண்டாம், அவ்வளவுதான்."

அதுவும் ஒன்பது டாலர்.
கையில் வைத்துக்கொண்டு நின்றேன்,
திரும்ப வைத்தேன்.

டிப்போவில் மெக்கானிக் ஓர்லன் சிரித்தான்.
அவனிடம் மொத்த விலைக் கிடங்கின் அட்டை இருக்கிறது,
அங்கே இதே சரக்கு புட்டியில்:
முந்நூற்று அறுபத்தைந்து மாத்திரை,
பதினாறு டாலர் நாற்பத்திரண்டு சென்ட்.
ஒன்றுக்கு நாலரை சென்ட்.
நான், ஓர்லன், ஒன்பதாம் எண் விலெட்டா.
மூன்று மூக்கு, ஒரு புட்டி.

வெள்ளிக்கிழமை மதியம் ஓய்வறையில்
விலெட்டாவின் சாப்பாட்டு மூடியில் கொட்டி
விரல் கழுவி எண்ணினோம்,
சீட்டுப் பணம் பிரிப்பவர்களைப் போல,
ஒருவர் எண்ணியதை இன்னொருவர் எண்ணி.
தும்மல் வந்தால் சுவர்ப் பக்கம் திரும்ப வேண்டும்
என்பது சட்டம்.
என் பங்கை மிட்டாய் டப்பாவில் போட்டு
மருந்தின் பெயர், அளவு, காலாவதித் தேதி எல்லாம்
ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டினேன்.

ஆளுக்கு நூற்றிருபத்தொன்று.
மிச்சம் இரண்டு.

ஓர்லன் அட்டை தன்னுடையது என்றான்.
விலெட்டா மூடி தன்னுடையது என்றாள்.
நான் எதுவும் சொல்லவில்லை,
யோசனை என்னுடையது என்று
மூக்குறிஞ்சியதைத் தவிர.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்
மேற்பார்வையாளர் கேன்ட்ரல்.
போன வாரம் என்னிடம் சொன்னவர்:
"தும்மல் நிற்காவிட்டால் வீட்டில் இருங்கள்,
சம்பளம் கிடையாது."
இன்று அவர் கண்ணிரண்டும் தக்காளி.
ஏதோ அதட்ட வாய் திறந்தார்,
தும்மல் முந்திக்கொண்டது.
ஒன்று. மூன்று. ஐந்து.
ஆசீர்வதிக்கப் பிள்ளைகள் யாரும் அங்கே இல்லை.

நாங்கள் மூவரும் மூடியைப் பார்த்தோம்.
விலெட்டாதான் தள்ளினாள், ஒரே ஒரு விரலால்,
ஒரே ஒரு மாத்திரையை.
"நாளைக்கு ஒன்றுதான். அதற்கு மேல் கூடாது."
அவர் தண்ணீர் இல்லாமலே விழுங்கினார்.

இன்னொன்று உருண்டு
குளிர்பான இயந்திரத்தின் அடியில் போனது.
இன்னும் அங்கேதான் இருக்கிறது.

மூக்குள்ளவரை சளி.
கேன்ட்ரல் எங்களுக்கு நாலரை சென்ட் தர வேண்டும்.
மே மாதம் ஆகிவிட்டது.