முட்டைப் பதிவேட்டின் பின்பக்கம்

செல்லூரில் தறிச் சந்துக்குள் என் அங்கன்வாடி.
சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறி,
இந்தப் பக்கம் பதினேழு பிள்ளைகள்.
எந்தப் பக்கம் சத்தம் அதிகமென்று
கரண்டு போனால்தான் தெரியும்.

சபரிவாசன் மூன்று வாரமாகச்
சாமான் கடத்துகிறான்.
வாசல் செருப்பெல்லாம்
பின்பக்கத் தண்ணீர் டிரம்முக்குப் போகும்.
நடைக்கு ஒன்று. இரண்டாகத் தூக்கமாட்டான்.
"கை நீளம்" என்றாள் சமையல் பேச்சியம்மா.
உட்கார்ந்து எண்ணினேன்.
கடைசிச் செருப்பு போய்ச் சேர்ந்ததும்
முதல் செருப்பைத் தூக்கிக்கொண்டு
வாசலுக்குத் திரும்புகிறான்.
எந்தத் திருடன் இப்படித் திருடுவான்?

நஸ்ரின் எதையும் சுற்றுவாள்.
தறியில் கழித்துப் போடும் துண்டு ஓரம் போதும்.
கரண்டி, புளியங்கொட்டை, தின்றது போக மிச்சச் சுண்டல்,
ஒருநாள் தன் இடது கால்.
சுற்றுவாள், அவிழ்ப்பாள், பார்ப்பாள்,
மறுபடி சுற்றுவாள்.

போன மழைக்கு அவள் வீட்டில்
ஒரு கைக்குழந்தை தவறிப்போனது.
வெள்ளைத் துணியில் கொண்டுபோனதை
நானும் சந்துமுனையில் நின்று பார்த்தேன்.
ஆகவே அவள் சுற்றும் ஒவ்வொரு பொட்டலத்துக்குள்ளும்
நானாக ஒரு சாவை வைத்து
நாலு நாள் சாம்பார் ஊற்றும்போதெல்லாம் கண்ணைத் துடைத்தேன்.

ஐந்தாம் நாள் அவித்த முட்டையைச் சுற்றி
என் காதோரம் பிடித்தாள்.
"உள்ள இருக்கு டீச்சர்."
அவிழ்த்தாள்.
"இருக்கு!"
எத்தனை தரம் அவிழ்த்தாலும்
அதே கூச்சல், அதே சிரிப்பு.
மறைந்தாலும் இருக்கிறதா என்று
அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.
அதற்கு மேல் நான் துருவவில்லை.

செவ்வாய்க்கிழமை மேற்பார்வையாளர் வந்தார்.
எடை, உயரம், முட்டைக் கணக்கு,
எல்லாக் கட்டமும் சரி.
கிளம்பும்போது செருப்பைக் காணோம். போனையும் காணோம்.
"என்னம்மா வளக்குறீங்க புள்ளைகள?"

நான் தேடவில்லை. மணியைப் பார்த்தேன்.
பத்தே முக்கால்.
"வலது செருப்பு டிரம்முல இருக்கும் மேடம்.
இடது இப்பப் போய்க்கிட்டிருக்கும்."
சொல்லி முடிக்குமுன்
அதை நெஞ்சோடு அணைத்தபடி
எங்களைக் கடந்து போனான் சபரிவாசன்,
சுமைக்காரனைப் போல
"வழி, வழி" என்று.

போன் தானாகவே அடித்தது,
நஸ்ரினின் பொட்டலங்கள் ஒன்றுக்குள்.
பதினேழு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்,
நானும் சேர்த்தி, பேச்சியம்மாவும் சேர்த்தி.
அவள் அவசரப்படவில்லை.
ஒரு சுற்று. இன்னொரு சுற்று.
கை நீட்டிய மேற்பார்வையாளர்
என்ன நினைத்தாரோ, கையை மடக்கிக்கொண்டார்.
அழைப்பு அறுந்தபிறகுதான் கடைசிச் சுற்று அவிழ்ந்தது.
"இருக்கு!"

"இதை எந்தக் காலத்துல எழுதுவீங்க?" என்றார் போகும்போது.
கோபமா, நிஜமாகவே கேட்டாரா, பிடிபடவில்லை.
இதற்குக் கட்டம் கிடையாது.
முட்டைப் பதிவேட்டைத் திருப்பிப்
பென்சிலால் எழுதுகிறேன்:
சபரி, கொண்டுபோகிறான். நஸ்ரின், மூடுகிறாள்.
டெரின், மேலிருந்து போடுகிறான்; விழுவதை அல்ல,
விழுந்த இடத்தைப் பார்க்கிறான்.

சாயங்காலம் பூட்டிவிட்டு
மூன்று தரம் இழுத்துப் பார்த்தேன்.
சந்துமுனைவரை போய்
திரும்பிவந்து
இன்னொரு தரம்.